பன்னிரண்டாம் அத்தியாயத்தில் என்னை விரட்ட வேண்டாம்

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் முழங்கால் வலி போன தடவைக்கு இப்போது குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். வீட்டில் சகோதரியாரையும் விசாரித்ததாகச் சொல்லவும். இங்கே உங்கள் தங்கை நல்ல சௌக்கியம். நான் இறந்து எட்டு மாதம் ஆகிறது. மற்றபடி நானும் சௌக்கியமே.

பதற வேண்டாம். கதையில்தான் இறந்திருக்கிறேன். இருந்தாலும் ஒரு மனுஷன் தன் சொந்த வீட்டிலேயே எட்டு மாதம் இறந்தவனாக நடமாடுவது எவ்வளவு அலுப்பான காரியம் என்பது அனுபவித்தவனுக்குத்தான் தெரியும். அதைச் சொல்லி அழ இந்தக் கடிதம் இல்லை. எனக்கு உங்களிடம் ஒரே ஒரு காரியம் ஆக வேண்டும். வருகிற வெள்ளிக்கிழமை உங்கள் தங்கை தன் திகில் நாவலின் கடைசி அத்தியாயத்தை, அதாவது பன்னிரண்டாவதை, அனுப்பியாக வேண்டும். அந்த அத்தியாயத்தில் என் பேய் வீட்டை விட்டு ஒரேயடியாக வெளியேறிவிட வேண்டும் என்று பத்திரிகை ஆசிரியர் சொல்லிவிட்டார். உங்கள் தங்கையும் சரி என்றுவிட்டாள். நீங்கள் வியாழக்கிழமை காலைக்குள் இங்கே வந்து, அண்ணன் என்ற உரிமையில் ஒரு வார்த்தை சொல்லி, அதைத் தடுக்க வேண்டும். போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பீர்கள். எங்களுடையது இரண்டு படுக்கையறை வீடு. இந்த அறையில் பேசினால் அந்த அறையில் கேட்கும், அங்கே கேட்டது எதுவும் வீணாகாமல் கதைக்குள் போய்விடும். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள் மச்சான், இத்தனைக்கும் காரணம் நீங்கள்தான். உங்கள் தங்கை வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஒரு வருஷம் ஆன அன்று பரிசு கொடுக்கிறேன் என்று ஒரு அஞ்சல்வழிப் பயிற்சியில் அவள் பெயரைச் சேர்த்துவிட்டுப் போனீர்கள், "பன்னிரண்டு பாடங்களில் திகில் நாவல்" என்று. அதே பட்டியலில் பூத்தையல் இருந்ததாம், காகிதப் பை செய்வது இருந்ததாம், உங்கள் விரல் போய் இதில்தான் நின்றிருக்கிறது. இருபத்தெட்டு வருஷம் விபத்துக் காப்பீட்டு அலுவலகத்தில் விண்ணப்பம் படித்த பெண் அவள். மனிதர்கள் எதில் வழுக்கி விழுகிறார்கள், எந்த யந்திரத்தில் எந்தக் கையைக் கொடுக்கிறார்கள், எல்லாம் அவளுக்கு மனப்பாடம். அப்படிப்பட்டவள் கையில் திகில் நாவலைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று நீங்கள் ஒரு நிமிஷம் யோசித்திருக்க வேண்டும். எதிரில் நான் ஒருவன் இருக்கிறேன். பதினொரு மாடி அலுவலகக் கட்டடத்தில் முப்பத்துநாலு வருஷம் பராமரிப்பு மேற்பார்வையாளராக இருந்தவன். நானூற்றுச் சொச்சம் கதவு, ஒன்றுகூட முனகியதில்லை. குழாய் சொட்டியதில்லை, விளக்கு மினுக்கியதில்லை. உங்கள் தங்கையின் பாடங்களில் எதெல்லாம் திகிலுக்குத் தேவை என்று போட்டிருக்கிறதோ, அதையெல்லாம் ஒழிப்பதற்காகத்தான் எனக்கு அத்தனை வருஷம் சம்பளம் கொடுத்தார்கள்.

பாடம் நடத்துபவரும் அந்த மாத நாவல் பத்திரிகையின் ஆசிரியரும் ஒரே ஆள். நான் அவரை நேரில் பார்த்ததில்லை. எதை அனுப்பினாலும் சிவப்பு மையில் "பயம் போதாது" என்று எழுதித் திருப்பி அனுப்புவார். ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் "அனுபவித்து எழுதுக" என்று ஒரு பயிற்சி வேறு. முதல் பாடம், பாழடைந்த மாளிகை. எங்கள் வீடு மூன்றாவது மாடியில் நாற்பது அடிக்கு முப்பது. மாளிகைக்கு எங்கே போவது? உங்கள் தங்கை வீடு முழுக்கத் தேடி, கூடத்துச் சுவரில் விரல் நீளத்துக்கு ஒரு விரிசலைக் கண்டுபிடித்து, அதன் எதிரில் நாற்காலியைப் போட்டு இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினாள். மூன்றாம் நாள் அவள் கடைக்குப் போன நேரம் பார்த்து நான் பட்டி பூசி, தேய்த்து, வெள்ளையும் அடித்துவிட்டேன். எனக்கு அது விரிசல், பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. திரும்பி வந்தவள் பையைக் கீழே வைக்காமல் சுவரையே பார்த்தாள்.

"ஏங்க, இங்க இருந்த விரிசல் எங்க?"

"அடைச்சுட்டேன்."

"அது வெறும் விரிசல் இல்லீங்க. ஒரு வம்சமே அழியறதுக்கு அது அடையாளம்."

"அதான் அடைச்சுட்டேன்," என்றேன்.

இரண்டாம் பாடம் கதவு. கேட்கவே வேண்டாம். காலை பத்து மணிக்கு என்னைக் கூப்பிட்டு, வாசல் கதவை இப்படியும் அப்படியும் ஆட்டிக் காட்டி, "இந்தக் கதவு ஏன் சத்தமே போட மாட்டேங்குது?" என்றாள். எண்ணெய் போட்டிருக்கிறேன் என்றேன். "யாரு போடச் சொன்னா?" என்றாள். முப்பத்துநாலு வருஷத்தில் அந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. கடைசியில் நானே என் கையால் கீலைக் கழற்றி, மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, உப்புத் தண்ணீர் நனைத்த துணியை இரண்டு நாள் சுற்றி வைத்து, துருவேற்றி மாட்டினேன். கதவு "க்ரீஈஈ" என்றது. உங்கள் தங்கை கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு, "இன்னும் கொஞ்சம் நீளமா வரணும்" என்றாள். அன்றிலிருந்து அந்தக் கதவைக் கடக்கும்போதெல்லாம் எனக்குப் பல் கூசுகிறது. லேசாகத் தூக்கித் திறந்தால் சத்தம் வராது என்று கண்டுபிடித்து ஒரு வாரம் ஓட்டினேன். அதையும் கண்டுபிடித்துவிட்டாள். "தூக்கித் தெறக்காதீங்க, கதவு பழகிடும்" என்கிறாள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தக் கதைகளில் எல்லாம் நடுராத்திரியில்தான் நடக்குமாம். நாங்கள் இரண்டு பேரும் ஒன்பது மணிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு படுத்தால் விடிந்துதான் எழுவோம். அதனால் எங்கள் வீட்டில் திகில் காலை பத்திலிருந்து மாலை நாலு வரைதான், நடுவில் ஒரு மணி நேரம் சாப்பாட்டுக்கு விடுப்பு.

மூன்றாம் பாடம் புயல். அந்த மாதம் பார்த்து வானத்தில் ஒரு துளி மேகம் இல்லை. நான் மொட்டைமாடியில் நின்று, ஒரு கையால் ரப்பர் குழாயில் எங்கள் ஜன்னலுக்குத் தண்ணீர் பீய்ச்சி, மறு கையால் ஒரு தகரத்தை இடி மாதிரி ஆட்ட வேண்டும் என்று ஏற்பாடு. ஆட்டினேன். ஜன்னலில் விழ வேண்டிய மழை, கீழ்வீட்டுத் தையல்காரர் தைத்து ஜன்னலோரம் அடுக்கி வைத்திருந்த பதினாறு பள்ளிக்கூடச் சட்டைகளின் மேலும் விழுந்தது. மனுஷன் கோபமாக மாடி ஏறி வந்து எங்கள் கதவைத் தட்டியிருக்கிறார். பட்டப்பகல் பதினொரு மணிக்கு உங்கள் தங்கை தலைமுடியை விரித்துப் போட்டு, கையில் மெழுகுவர்த்தியோடு போய்க் கதவைத் திறந்திருக்கிறாள். கதவு வேறு தன் பங்குக்குச் சத்தம் போட்டிருக்கிறது. தையல்காரர் அப்படியே திரும்பி இறங்கிப் போய்விட்டார். அதற்குப் பிறகு என்னைப் படிக்கட்டில் பார்த்தால் கையைப் பிடித்துக்கொண்டு, "தைரியமா இருங்க சார்" என்கிறார். எதற்கு என்று நானும் கேட்பதில்லை.

நாலாம் பாடத்துக்கு, பார்ப்பவர்களைக் கண்ணால் தொடர்கிற ஓவியம் ஒன்று வேண்டியிருந்தது. என்னுடைய ஓய்வு விழாப் படத்திலிருந்து என் தலையை மட்டும் வெட்டி எடுத்து ஆள் உயரத்துக்குப் பெரிசாக்கி, கறுப்புச் சட்டம் போட்டு, வாசலுக்கு நேரே மாட்டிவிட்டாள். பெரிசாக்கினதில் முகம் கொஞ்சம் கலங்கி, இந்த உலகத்துக்கும் எனக்கும் பெரிய சம்பந்தம் இல்லாத மாதிரி ஆகிவிட்டது. பார்சல் கொண்டுவந்த ஆள் ஒருவன் படத்தைப் பார்த்து, என்னைப் பார்த்து, குரலைத் தாழ்த்தி, "உங்க அண்ணனா சார்? எப்ப ஆச்சு?" என்றான். நான்தான் அது என்று விளக்கப் போனால் இன்னும் மோசமாகும் என்று பட்டது. போன வருஷம் என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

ஆறாம் பாடத்தில் கதாநாயகி மயங்கி விழ வேண்டும். உங்கள் தங்கைக்கு வயது அறுபது ஆகப்போகிறது. கூடத்து நடுவில் நின்று, நெற்றியில் கையை வைத்து, "யாரது" என்று சொல்லி விழுவாள். விழுகிறவளை வேடிக்கை பார்க்க எனக்கு மனசு வருமா? அவள் சாயும் பக்கம் ஓடிப் போய்த் தலையணையைப் போட்டேன். எழுந்து உட்கார்ந்து, "நான் விழறதுக்கு முன்னாடியே தலகாணி வந்து நிக்குது. இதுல என்னங்க திகில் இருக்கு?" என்றாள். ஏழாம் பாடத்தில் பூட்டிய அறை. சாமான் அறைக்குள் போய் உள்ளே தாழிட்டுக்கொண்டு, வெளியே வர முடியாதவள் என்ன நினைப்பாள் என்று எழுத ஆரம்பித்தாள். தாழ் நிஜமாகவே சிக்கிக்கொண்டது. உள்ளேயிருந்து ஒரு கூச்சல். என் நெஞ்சு ஒரு தடவை நின்று ஓடியது மச்சான், பொய் இல்லை. கைதான் பழகின கை, நாலு திருகாணியைக் கழற்றி நாலே நிமிஷத்தில் கதவைத் திறந்துவிட்டேன். வெளியே வந்தவள் நன்றி சொல்வாள் என்று பார்த்தால், கையில் நோட்டுப் புத்தகத்தோடு என்னை முறைக்கிறாள். "பதினோரு பக்கம் வரும்னு இருந்தேன். ஒண்ணரைப் பக்கத்துல தெறந்துட்டீங்க."

இதெல்லாம் கூடப் போகட்டும். நாவலின் முதல் எட்டு அத்தியாயத்தையும் எழுதி முடித்து, "எழுத்துப்பிழை மட்டும் பாருங்க, வேற எதையும் பாக்காதீங்க" என்று என்னிடம் கொடுத்தாள். முதல் பக்கம் முதல் வரியிலேயே புருஷன் செத்துப்போகிறான். எப்படிச் சாகிறான் தெரியுமா? மின்விளக்கு மாற்ற ஏணி மேல் ஏறி, ஏணி வழுக்கி விழுந்து சாகிறான். செத்ததற்கு நான் வருத்தப்படவில்லை, கதை என்றால் யாராவது சாகத்தான் வேண்டும். ஆனால் ஏணியிலிருந்தா? முப்பத்துநாலு வருஷம் ஏணியிலேயே வாழ்ந்தவன், ஒரு தடவை கால் நழுவியது உண்டா? எனக்கு வந்த ஆத்திரத்தில், பென்சிலை எடுத்து ஓரத்தில், "இறந்தவர் ஏணியின் நான்கு காலையும் சரிபார்த்தாரா? நான் சரிபார்ப்பேன்" என்று எழுதி, பழக்கதோஷத்தில் கையெழுத்தும் தேதியும் போட்டுவிட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்த முடியவில்லை. எங்கள் வேலையில் ஒரு புகார் வந்தால் புகார், காரணம், நடவடிக்கை என்று மூன்று வரி எழுதியே ஆக வேண்டும், எழுதாமல் அடுத்த வேலைக்குப் போகக் கூடாது. இந்த நாவலில் பக்கத்துக்குப் பக்கம் புகார். சுவருக்குள் யாரோ முனகினார்கள் என்றிருந்தது. "காரணம்: குழாயில் காற்று. நடவடிக்கை: மேல்மாடிக் குழாயைப் பத்து நிமிடம் திறந்து விடவும். முடிந்தது." அவள் பிடரியில் குளிர்ந்த மூச்சு பட்டது என்றிருந்தது. "காரணம்: ஜன்னல் சட்டத்தில் இடைவெளி. ரப்பர் பட்டை ஒட்டப்பட்டது." விளக்கு தானே அணைந்து தானே எரிந்தது. "ஹோல்டர் தளர்ந்துள்ளது. மெயினை அணைத்துவிட்டுத் தொடவும். கவனம்." இப்படி நாற்பத்துமூன்று குறிப்பு. எல்லாவற்றிலும் கையெழுத்து, எல்லாவற்றிலும் தேதி. பிறகு கோபம் தணிந்து, பக்கங்களை ஒழுங்காக அடுக்கி, எழுத்துப்பிழை ஒன்றுமில்லை என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். அழித்துவிட்டுக் கொடுக்க மறந்துவிட்டேன். உங்கள் தங்கை என் மேல் உள்ள நம்பிக்கையில் ஒரு பக்கத்தைக்கூடப் புரட்டாமல் உறையில் போட்டு அனுப்பிவிட்டாள். முப்பத்தொரு வருஷக் குடும்பத்தில் இந்த மாதிரி நம்பிக்கைதான் ஆளைக் கவிழ்க்கிறது.

பத்து நாள் கழித்து ஆசிரியரே போன் செய்தார். அவர் போடுகிற சத்தத்துக்கு ஸ்பீக்கர் வேண்டியதில்லை, ஆனாலும் உங்கள் தங்கை போட்டாள். "அம்மா, முப்பது வருஷமா பேயைத்தான் படிச்சுக்கிட்டிருக்கேன். இப்படி ஒரு பேய நான் பாத்ததே இல்லம்மா."

"எந்தப் பேயச் சொல்றீங்க?" என்றாள் உங்கள் தங்கை. அவள் எழுதியதில் அதுவரை பேயே வரவில்லை. ஒன்பதாம் அத்தியாயத்தில்தான் வருவதாக இருந்தது.

"ஓரத்துல பென்சில்ல எழுதுதே, அதுதாம்மா! புருஷன் செத்துட்டான்னு நீங்க சொல்றீங்க, பக்கத்துலயே அவன் வந்து நான் ஏணியச் சரிபாப்பேன்னு எழுதறான். அன்னிக்கு ராத்திரி நான் லைட்ட அணைக்கவே இல்ல. செத்தும் ஒரு மனுஷன் அந்த வீட்டச் சுத்திச்சுத்தி வந்து ரிப்பேர் பாக்கறான். கையெழுத்து வேற! இதே மாதிரி கடைசி வரைக்கும் கொண்டு போங்க, அடுத்த இதழ்லயே போட்டுடறேன்."

உங்கள் தங்கை என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன். "ஆமாங்க," என்றாள் போனில், "அது... அது அப்படித்தாங்க." பயிற்சி தொடங்கியதிலிருந்து முதல் தடவையாகப் பயம் போதாது என்று யாரும் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டுச் சமையலுக்குப் போனாள். சாப்பிட்டு முடிந்ததும் நாலு பென்சிலைச் சீவிக்கொண்டு வந்து என் எதிரில் வைத்தாள்.

மச்சான், இனி எழுதப்போவதை நீங்கள் யாரிடமும் சொல்ல வேண்டாம். அன்றிலிருந்து தினமும் காலை பத்து மணிக்கு நாங்கள் இரண்டு பேரும் சாப்பாட்டு மேஜையில் எதிரெதிரே உட்காருகிறோம். "ஏங்க, தரைக்கு அடியிலருந்து யாரோ தட்டற மாதிரி சத்தம் வரணும்னா என்ன காரணமா இருக்கும்?" என்று கேட்பாள். நான் தண்ணீர்க் குழாயில் அடைப்பான் திடீரென்று மூடினால் குழாய் எப்படி அதிரும் என்று விவரமாகச் சொல்வேன். முகவாயில் கையை வைத்துக்கொண்டு கேட்பாள். கேட்டுவிட்டு இன்னொரு கேள்வி கேட்பாள். முப்பத்தொரு வருஷத்தில் என் வேலையைப் பற்றி அவள் கேட்டது இதுதான் முதல் தடவை. குறையாகச் சொல்லவில்லை, நானும் அவளுடைய விண்ணப்பங்களைப் பற்றி ஒருநாளும் கேட்டதில்லை. இரண்டு பேரும் வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்த புதிதில், காலையில் காபி ஆனதும் பேச எங்களுக்கு ஒன்றும் இருக்காது. வீட்டில் எல்லாம் சரியாக இருந்தது. எல்லாம் சரியாக இருக்கிற வீட்டில் என்னைப் போன்றவனுக்கு என்ன வேலை? வெறுமனே நடந்துகொண்டிருந்தேன். நான் பேயானது எட்டு மாதத்துக்கு முன்னால் இல்லை, அதற்கும் ஒரு வருஷம் முன்னாலேயே ஆகிவிட்டேன் என்றுதான் இப்போது தோன்றுகிறது.

ஒன்பதாம் அத்தியாயத்தில் அவள் ஒரு காரியம் செய்திருக்கிறாள். கதையில் வரும் அந்த விதவை, பேய் நாலு நாளாக வரவில்லையே என்று தவித்து, தானே ஸ்க்ரூடிரைவரை எடுத்து சமையலறைக் குழாயைத் தளர்த்தி வைக்கிறாள், குழாய் சொட்டினால் அவன் வருவான் என்று. அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு நான் எழுந்து போய் எங்கள் சமையலறைக் குழாயைப் பார்த்தேன். இந்த மாதத்தில் மட்டும் நாலு தடவை அதை முறுக்கியிருக்கிறேன், ஏன் தளர்கிறது என்று எனக்குப் புரியாமல் இருந்தது. உங்கள் தங்கையிடம் ஒன்றும் கேட்கவில்லை. முறுக்கிவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் ஆசிரியர் மறுபடி போன் செய்து, கடைசி அத்தியாயத்தில் பேய் போய்விட வேண்டும், இது பத்திரிகையின் விதி, பேயை உள்ளேயே விட்டுவிட்டுக் கதையை முடித்தால் வாசகர்களுக்குத் தூக்கம் வராது, அதனால் பேய் ஒரு கடைசிக் குறிப்பு எழுதி வைத்துவிட்டுக் கிளம்பட்டும் என்று சொல்லிவிட்டார். உங்கள் தங்கை ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல் "சரிங்க" என்றாள். அந்த "சரிங்க" இருக்கிறதே, அது எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. பிறகு என்னிடம் வந்து, சாதாரணமாகக் கறிகாய் வாங்கிவரச் சொல்கிற மாதிரி, "கெளம்பறவரு எழுதற மாதிரி ஒரு குறிப்பு எழுதிக் குடுங்க" என்றாள். மூன்று நாளாக உட்கார்ந்திருக்கிறேன் மச்சான். புகார் என்ற இடத்தில் ஒன்றுமில்லை என்று எழுதிவிட்டேன். காரணம் என்ற இடத்துக்கு வந்ததும் பென்சில் நின்றுவிடுகிறது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, டாக்டர் நன்றாக இருக்கிறேன் என்றுதான் சொல்கிறார். ஆனாலும் அறுபத்துமூன்று வயசில் ஒருவன் தன் பெண்டாட்டிக்கு, நான் போகிறேன் என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டுக் கொடுப்பதென்றால் எப்படி முடியும்? என்றைக்காவது போகத்தான் போகிறேன், அதற்கு ஒத்திகை பார்க்க எனக்கு விருப்பமில்லை. நாவல் முடிந்துவிட்டால் பத்து மணிக்கு மேஜையில் உட்கார வேண்டியதில்லை, கேள்வி இருக்காது, குழாயும் ஒழுங்காக இருக்கும். மறுபடியும் நான் நடந்துகொண்டிருப்பேன். பயமாக இருக்கிறது மச்சான். ஆசிரியருடைய பன்னிரண்டு பாடத்திலும் இந்தப் பயம் வரவில்லை.

ஆகவே நீங்கள் வந்து அவளிடம் பேச வேண்டும். நான் எழுதியதாகச் சொல்லக் கூடாது, தற்செயலாக இந்தப் பக்கம் வந்ததாகச் சொல்லுங்கள். கதையைப் பற்றிக் கேளுங்கள், சொல்லுவாள். பேயை அனுப்பிவிட்டால் மழைக்காலத்தில் மொட்டைமாடித் தண்ணீர்க் குழாயை யார் சுத்தம் செய்வது என்று கேளுங்கள். ஃப்யூஸ் போனால் எந்தப் பெட்டி என்று அந்த விதவைக்குத் தெரியுமா என்று கேளுங்கள். நான் கேட்டால் எழுத்தாளர் விஷயத்தில் தலையிடுவதாக ஆகிவிடும். நீங்கள் கேட்டால் கேட்பாள். சின்ன வயசிலிருந்தே உங்கள் பேச்சுக்குத்தான் அவள் மதிப்பு, என் பேச்சுக்கு மௌனம்தான்.

நீங்களும் சகோதரியாரும் நோய்நொடி இல்லாமல், கதவு ஜன்னல் எல்லாம் உறுதியாக, நெடுநாள் இருக்க வேண்டும் என்று மனசார வேண்டிக்கொள்கிறேன். பேரப் பிள்ளைகளுக்கு என் ஆசிகள். வியாழக்கிழமையை மறக்க வேண்டாம்.

தங்கள் அன்புள்ள,
தங்கையின் (இன்னும் உயிரோடு இருக்கும்) கணவன்

பின்குறிப்பு: மேலே எழுதிய எல்லாவற்றையும் படிக்காததாக நினைத்துக்கொள்ளவும். வர வேண்டாம்.

நடந்தது இதுதான். கையெழுத்துப் போட்டு முடித்ததும் உறையைத் தேடாமல், கடிதத்தை மேஜையிலேயே அகராதிக்கு அடியில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். வெளியே வந்து பார்த்தால் மூன்றாம் பக்கம் இரண்டாம் பக்கத்துக்கு மேலே இருந்தது. நான் காகிதத்தை அப்படி அடுக்குகிறவன் இல்லை என்பது உங்களுக்கே தெரியும். அதற்குள் சமையலறையிலிருந்து உங்கள் தங்கை போனில் பேசுகிற குரல் கேட்டது. ஆசிரியரிடம்தான் பேசிக்கொண்டிருந்தாள். நான் பின்னால் நிற்பது அவளுக்குத் தெரியாது.

"இல்லீங்க, மாத்த மாட்டேன்... விதியா இருந்தா இருக்கட்டுங்க... அன்னிக்கு ஏதோ யோசிக்காம சரின்னுட்டேன்... அவரு எங்கங்க போவாரு? இந்த வீட்ட விட்டா அவருக்கு ஒண்ணும் தெரியாது. எனக்கும் அவரு இல்லாத வீடு எப்படி இருக்கும்னு தெரியாது, தெரியாதத நான் எப்படி எழுதறது? நீங்கதான அனுபவிச்சு எழுதணும்னு சொன்னீங்க... வேணாம்னா திருப்பி அனுப்பிடுங்க. பரவால்ல."

எட்டு மாத உழைப்பு மச்சான். பரவாயில்லை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். திரும்பினவள் என்னைப் பார்த்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, உங்களிடம் சொல்ல வெட்கமில்லை. "தலையத் துவட்டாம நிக்கறீங்க, சளி பிடிக்கும்," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். தோளிலிருந்த துண்டை எடுத்து அவளே துவட்டியும் விட்டாள். நாவல் அச்சாகப் போவதில்லை. எனக்கு அதில் கொஞ்சமும் வருத்தம் வரவில்லை என்பதை நினைத்துத்தான் வருத்தமாக இருக்கிறது.

ஆனால் உங்களை எச்சரிக்க வேண்டியது என் கடமை. மத்தியானமே புது நாவல் ஒன்றைத் தொடங்கிவிட்டாள். இதில் புருஷன் சாகவில்லை, கடைசி வரை இருக்கிறானாம். முதல் வரியை எனக்குப் படித்துக் காட்டினாள்: "வியாழக்கிழமை காலை, அண்ணன் என்ற உரிமையில் ஒரு வார்த்தை சொல்ல வந்த அண்ணன், அதன் பிறகு ஊர் திரும்பவில்லை." இந்தக் கடிதத்தை அனுப்ப வேண்டாம் என்றுதான் நினைத்தேன். "அனுப்புங்க, அண்ணனும் படிக்கட்டும்" என்று அவளே உறையைத் தேடி எடுத்துக் கொடுத்தாள். வந்தே தீருவேன் என்று நீங்கள் கிளம்பினால், எங்கள் மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே ஏறுங்கள். அது நான் போட்டது, ஆடாது.